ஓர் ஆள் துணிக்குக் கம்பளி உருண்டை எதற்கு?

இந்த நாட்டில் துணிமணி வானத்தைப் பார்ப்பதே இல்லை. நான் குடியிருக்கும் கட்டடத்தில் பால்கனியில் கொடி கட்டக் கூடாது. கட்ட விட்டாலும் பாதி வருடம் துணி பலகைபோல விறைத்துத்தான் தொங்கும். ஆகவே சனிக்கிழமை காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, நிலத்துக்குக் கீழே இருக்கிற பொது லாண்டரி அறைக்குப் போவேன். ஒரு மெஷின் துவைக்கும், இன்னொரு மெஷின் உலர்த்தும். இரண்டாவதற்கு ட்ரையர் என்று பேர். ஈரமாக உள்ளே போன உடுப்பு சுடச்சுட வெளியே வரும். கனடாவுக்கு வந்த புதிதில் அந்தச் சூடான துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் போனுக்குள் போய்விட்டார்.

அந்த அறையில் ஒரு நாள், ஒரு ட்ரையருக்குள்ளிருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. யாரோ சப்பாத்தைத் துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கண்ணாடிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோடம்பழ அளவில் வெள்ளை உருண்டைகள் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தன. ஏதோ பிள்ளையின் விளையாட்டுச் சாமான் உள்ளே மாட்டிக்கொண்டது என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணியிடம் பதறிப்போய்ச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர்தான் மார்கரெட். நாலாம் மாடிக்காரர், எழுபதைத் தாண்டியவர். அதற்கு ட்ரையர் பால் என்று பேர், கம்பளி நூலை இறுக்கி உருட்டிச் செய்தது, துணிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் நடுவே புகுந்து பிரித்துவிடும், அதனால் சூடு உள்ளே போய்க் கொஞ்சம் சீக்கிரம் காயும் என்றெல்லாம் அவர் நிதானமாக விளக்கினார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் ஒரே நேரத்துக்கு இறங்கிவரத் தொடங்கினோம். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். துணி காய்ந்ததும், "ராபர்ட் மேலே காத்திருப்பார், சாப்பாடு கொடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறுவார். ராபர்ட் அவருடைய கணவர். நான் அவரைப் பார்த்ததில்லை.

இதில் என்ன பெரிய விசேஷம் என்று ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். என் கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வீட்டு வேலைக்கென்று முதலில் குவைத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற வேலை. வேலை முடிந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். இந்த நகரத்தில் நம் ஆட்கள் இல்லாமல் இல்லை. தமிழ்க் கடையில் கல்லாவில் இருந்த அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்றார். "இல்லைங்க, சிலோன்தான். மஸ்கெலியா" என்றேன். "அது எவடம்?" என்றார். அட்டன் பக்கம், தேயிலை மலை என்றதும் "ஓ, தோட்டப்பக்கமோ" என்று மிளகாய்த்தூளைப் பையில் போட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டவரல்ல. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. மார்கரெட் ஒருவர்தான் நான் எந்தப் பக்கம் என்று கேட்காமல், போன வாரம் சொன்ன இருமல் போய்விட்டதா என்று கேட்டவர்.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் ட்ரையர் உண்டு. அது ஃபேக்டரிக்குள் தேயிலையைக் காயவைக்கிற மெஷின். கொழுந்துக்குக் கிடைத்த சூடு எங்கள் துணிக்குக் கிடைத்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் டேம் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவந்து தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தையே விழுங்கிவிடும். துவைத்த பாவாடை நாள் கணக்கில் ஈரம் போகாமல் கிடந்து பூசணம் வாடை அடிக்கும். பிறகு அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்போம். ஈரம் போய்ப் புகை வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் வெள்ளைச் சட்டையும் அதே வாடைதான், ஆகவே யாரும் யாரையும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

வெயில் தலை காட்டுகிற நாளில் லயத்துக்கு முன்னாலுள்ள கொடியில் இடம் பிடிக்கப் போட்டியாக இருக்கும். பெண்கள் எல்லாம் காலையில் துணியைப் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் துளி கூரைத் தகரத்தில் விழுந்ததும், காய்ச்சலில் படுத்தவளோ மாசமாக இருப்பவளோ, யார் வீட்டில் இருக்கிறாளோ அவள் ஓடிப்போய் மொத்தக் கொடியையும் உருவிக்கொண்டு வருவாள். தன் துணி, பிறத்தியார் துணி என்று பிரித்துப் பார்க்கிற பேச்சே கிடையாது. தன் காம்பரா அறைக்குள் குவித்து, மடித்து, வீட்டுக்கு வீடு அடுக்கி வைப்பாள். மலையிலிருந்து வந்தவர்கள் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே அந்த வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தங்கள் துணியை எடுத்துப் போவார்கள். மடித்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். யார் சேலை இரண்டு இடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது, யார் வீட்டுக் கொடியில் புருசனுடைய சாரம் கொஞ்ச நாளாகக் காணோம் என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் சும்மா இருக்க மாட்டாள். "என்னாடி, அண்ணன் கொழும்புக்குப் போயிட்டாரா? ராத்திரிக்கு இங்கயே ரொட்டி தின்னுட்டுப் போ" என்பாள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை இது.

மார்கரெட்டின் பேச்சைக் கேட்டு நானும் கம்பளி உருண்டைகள் வாங்கினேன். புதிதாக வந்தவர்கள் கேட்பதால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். விரிப்பு, துவாய், தடித்த உடுப்பு என்று மெஷின் நிறையத் துணி இருந்தால் உருண்டைக்கு வேலை இருக்கிறது. முறுக்கல் குறைகிறது, நடுவில் ஈரமாக ஒரு மூட்டை மிஞ்சுவதில்லை. துணி மெத்தென்று வர இங்கே போடுகிற மணத் தாளைப் போட்டுத் தும்மிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. குளிர்காலத்தில் காய்ந்த பாவாடை மின்னேறிக் காலோடு ஒட்டிச் சடசடப்பது மட்டும் முழுதாக நிற்கவில்லை. துணியை அளவுக்கு மீறிக் காயவிடாமல் எடுத்தால் அது கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் என்னைப்போல ஒற்றை ஆளுக்கு? ஒரு சட்டை, ஒரு காற்சட்டை, நாலு உள்ளுடுப்பு. உருண்டைகள் பிரித்துவிடுவதற்கு அங்கே ஒன்றும் சிக்கிக்கொண்டிருக்கவில்லை. வெறும் தகரத்தில் முட்டிக்கொண்டு கிடந்தன.

இதை மஸ்கெலியாவிலிருக்கும் என் தங்கை லெட்சுமியிடம் போனில் சொன்னேன். அவள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள்.

"அக்கா, அந்த உருண்டையில நாலு எனக்கும் அனுப்பு. இங்க பத்து நாளா வெயிலு இல்ல" என்றாள்.

"அடியே, அது தானா காய வைக்காது. மெஷினுக்குள்ள போடணும்."

"அப்ப மெஷினு காய வைக்குதா, உருண்டை காய வைக்குதா?"

"மெஷினுதான்."

"பின்ன ஒனக்கு எதுக்கு உருண்டை? காசு கொழுத்துப் போச்சு!"

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. துணிக்காக மட்டும் அதை நான் வாங்கவில்லை. சனிக்கிழமை மார்கரெட்டோடு பேச எனக்கும் ஒரு விஷயம் வேண்டியிருந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை அவருடைய ட்ரையர் நின்றுவிட்டது, துணியைப் போட்டுவிட்டு மேலே போயிருந்த அவர் இன்னும் இறங்கி வரவில்லை. மற்ற மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஈரத்துணியோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். என் கை என்னைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து மொத்தத்தையும் வாரி மேசையில் போட்டு மடிக்க ஆரம்பித்தேன். அவருடைய ரவிக்கைகள், துவாய்கள், பிறகு பெரிய ஆம்பிளைச் சட்டைகள். ஒரு சட்டையின் கழுத்துப் பட்டிக்குள் சிறிய துண்டுத் துணி தைத்திருந்தது. ராபர்ட்டின் பெயரும் ஓர் அறை எண்ணும் அதில் இருந்தன. எல்லாச் சட்டையிலும் அப்படியே. வேலையிடத்தில் தினமும் நான் பார்க்கிற அடையாளம் அது. முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் உடுப்பு மாறிப்போகாமல் இருக்க அப்படித் தைப்பார்கள். ராபர்ட் மேலே காத்திருக்கவில்லை. அவர் எங்கோ ஓர் இல்லத்தில் இருக்கிறார், மனைவி வாராவாரம் உடுப்பைக் கொண்டுவந்து துவைத்துக் கொடுக்கிறார். மார்கரெட் வந்ததும் ஓடிப்போய், லயத்தில் கேட்பதுபோலவே, கைகளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ராபர்ட் எந்த இல்லத்தில் இருக்கிறார், எவ்வளவு நாளாக, நீங்கள் தனியாகவா சாப்பிடுகிறீர்கள், என் வீட்டுக்கு வாருங்கள்.

அவர் கைகளை விடுவித்துக்கொண்டார். மேசையில் அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்தார். காத்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். "என் பொருட்களைத் தொட உனக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. உதவி செய்யத்தான், என்று ஏதோ உளறினேன். மடித்த சட்டைகளை அப்படியே அள்ளிக் கூடைக்குள் திணித்தார், மடிப்பெல்லாம் கலைந்தது. அடுத்த வாரம் கட்டட மேலாளர் என்னை நிறுத்தி, இங்கே யாரும் பிறர் துணியைத் தொடுவதில்லை, மெஷின் நின்றுவிட்டால் காத்திருக்க வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னார். மார்கரெட் சனிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மடித்துக் கொடுத்ததற்கு இவ்வளவா என்று லெட்சுமியிடம் பொருமினேன். பிறகு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. இந்தக் கட்டடத்தில் ஒரே ஓர் இடத்தில், அதுவும் ஒரே ஓர் ஆளிடம் மார்கரெட் பேசுகிற பேச்சில், ராபர்ட் இன்னும் வீட்டில்தான் இருந்தார். அந்த ஆள் நான். சட்டையை மடிக்கிற சாக்கில் அவரை நானே வெளியே அனுப்பிவிட்டேன். எங்கள் லயத்தில் மறைக்க இடம் கிடையாது, ஆகவே தெரிந்துகொள்வதும் அன்புதான் என்று இருந்துவிட்டோம். இங்கே தெரியாததுபோல இருப்பதையும் அன்பு என்கிறார்கள். எனக்கு அது வரவில்லை.

பனி கரைந்த பிறகு வேலை நேரம் மாறியதால் ஒரு புதன்கிழமை துவைக்கப் போனேன். அறையில் மார்கரெட் மட்டும் நின்றிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று வாசலிலேயே தயங்கினேன். அவர் தலையை அசைத்து வணக்கம் சொன்னார். துவைத்த துணியை ட்ரையருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு ரவிக்கை, ஒரு காற்சட்டை, ஒரு துவாய். நான் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் கண்ணில் பட்டுவிட்டது. ஆம்பிளைச் சட்டை ஒன்றுகூட இல்லை.

"ஸாரி" என்றேன். அன்று செய்ததற்கும் இன்று பார்த்ததற்கும் சேர்த்து என்னிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

"பிப்ரவரியில் போய்விட்டார்" என்றார் மார்கரெட். பையிலிருந்து கம்பளி உருண்டைகளை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவு கொஞ்சத் துணிக்கு இது வீண். நீ வைத்துக்கொள்" என்று நீட்டினார். என்னிடமும் இதே உருண்டைகள் மேலே அலமாரியில் சும்மா கிடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

'நம்ம ரெண்டு பேரு துணியையும் ஒண்ணாப் போடலாங்க, ஒரு மெஷினு போதும்' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மஸ்கெலியாவில் என்றால் அதைச் சொல்லக்கூடத் தேவையில்லை, எடுத்துப் போட்டிருப்பேன். ஆங்கிலத்தில் எனக்கு அதைச் சொல்லத் தெரியும். இந்த நாட்டில் அதைச் சொல்லலாமா என்றுதான் தெரியவில்லை. மார்கரெட் தன் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினார். நான் பக்கத்து மெஷினில் என் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்று, இரண்டு மெஷினும் பாதி வயிற்றோடு தனித்தனியாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.