மச்சானுக்கு மாட்டிய எருமைக் கொம்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரகடம் பக்கம் பேக்டரி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இருந்த ஒன்றில் நான் பிட்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் தலை நீட்டிக்கொண்டிருக்கும், கல்யாண வீட்டிலும் கூட. ஊரில் பம்புசெட் நின்றாலும் ரேடியோ நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாதி ஓடும். ஓடாத பாதிக்கு, "ஒரிஜினல் பார்ட்ஸ் இல்லீங்க" என்றொரு பதில் கைவசம் இருந்தது.

என் மனைவியின் அண்ணன் வாலாஜாபாத்தில் மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஒரு பழைய கனத்த மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவார். குனிந்து ஓட்டி ஓட்டி இடுப்பு போய்விட்டது.

"மாப்ள, நிமிந்து ஒக்காந்து ஓட்ற மாதிரி எதுனா பண்ணிக் குடேன்" என்றார்.

ஹேண்டில்பாரை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தால் போதும். ஆனால் எங்கள் கேன்டீன் காலண்டரில் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். ஈசிசேரில் சாய்ந்தது போல வண்டி ஓட்டுவான். அவன் ஹேண்டில்பார் எருமைக் கொம்பு மாதிரி எழும்பி வளைந்திருக்கும். மச்சானின் இடுப்பை மறந்துவிட்டு அந்தக் கொம்பையே பைப்பில் வளைத்து, பளபளவென்று முலாம் பூசிக் கொண்டுவந்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வாசலில் வைத்து மாட்டினேன். கொம்பு உயர்ந்துவிட்டதால் ஆக்சிலேட்டர் ஒயர் இழுத்துப் பிடித்தால்தான் எட்டியது. நீளமான ஒயருக்கு மெட்ராஸ் போகவேண்டும். எட்டுகிறதே, அப்புறம் என்ன? என் மனைவி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, லெப்ட்ல திருப்புனா இந்த ஒயரு வெறச்சிக்குது."

"எட்டு வருசமா நட்டு முடுக்கறவன் நானா, நீயா?"

"நட்டப் பத்தி யாரு பேசுனா? ஒயரச் சொல்றேன்."

"நீ போய் சுண்டல் வெந்துச்சா பாரு."

ஹேண்டிலை நேராக நிறுத்தி இன்ஜினை ஓட்டிப் பார்த்தேன். பூனை மாதிரி உறுமியது. திருப்பி மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் வண்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம். இரண்டு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். வெள்ளை வேட்டியில் மச்சான் ஏறி உட்கார்ந்தார். கற்பூரம் காட்டி, கியர் போட்டு, பழம் நசுங்க வண்டி நகர்ந்தது. தெரு கைதட்டியது. தெருவில் இறங்க இடது பக்கம்தான் திரும்பியாக வேண்டும். திருப்பினார். ஒயர் விறைத்து ஆக்சிலேட்டரைத் தானே இழுத்தது. வண்டி பேய் பிடித்தது போல அலறிக்கொண்டு பாய்ந்து, எதிர்வீட்டு எருக்குழியில் மச்சானோடு இறங்கியது.

முழங்கால் சிராய்ப்போடு, இடுப்பு வரை சாணியாக எழுந்து நின்றார். எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"புது ஹேண்டிலு மச்சான். பழக்கமில்லாம நல்லா முறுக்கிட்டீங்க போல."

"ஆமா மாப்ள" என்றார், வேட்டியை உதறிக்கொண்டே. "என் கைதான் தப்பு. நீ பாவம், லீவு நாள்ல ஒழச்ச."

கற்பூரத் தட்டோடு நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

அதன்பின் மச்சான் வண்டியைத் தொடவில்லை. எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, அதே இடுப்போடு சைக்கிள் மிதித்து மாடு பார்க்கப் போனார். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தவர் சொன்னார்:

"அந்த வண்டிய நீயே வச்சிக்க மாப்ள. என் கை நிதானத்துல இல்ல. நாளைக்கி எவன் மேலயாச்சும் உட்டுட்டா?"

சாம்பார் ஊற்ற வந்த என் மனைவி கரண்டியை நிறுத்தினாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

கை கழுவிவிட்டு மச்சானை வாசலுக்குக் கூட்டிப்போனேன். வண்டியை நியூட்ரலில் கிளப்பி, அவர் பார்க்க, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இடது பக்கம் தள்ளினேன். அலறியது. நேராக்கினேன். அடங்கியது. இன்னொரு தடவை செய்யப் போனேன்.

"போதும்" என்றார்.

என்னைப் பார்க்காமல் தங்கையிடம் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே சொன்னேண்ணா. சுண்டலப் பாக்கச் சொன்னாரு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், ஆசையோடு கூட. திட்டவில்லை. "பழைய ஹேண்டில எடுத்து மாட்டு" என்றார். மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் ஹேண்டிலைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் இடதும் வலதுமாகத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டிய பிறகே ஏறினார்.

"மாப்ள, எருக்குழில வுழுந்தது கூடப் பரவால்ல. பத்து நாளா என் கைய நானே நம்பாம, மாட்டுக்கு ஊசி போடறப்பக் கூட பயந்துகினு இருந்தேன்யா."

கிளம்பிப் போய்விட்டார். தெரு முனையில் இடது பக்கம் திரும்பும்போது வண்டியை ஊர்ந்தாற்போல் ஓட்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும், கேட்டால் சொல்லமாட்டாள், சிரிப்பாள்.