குச்சிக்கு ஒரு குடம்

செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் ரியாசுதீனின் மகள் நிதா என்றால் பஜாரில் பாதிப் பேருக்குத் தெரியும். வயது முப்பத்தொன்று. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னையில் ஆறு வருடம் ஒரு கம்பெனியில் செல்போன் செயலிகளுக்குத் திரை வரைந்தாள். கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தவள், இங்கிருந்தே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே தங்கிவிட்டாள். எந்த எழுத்து எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்று நாள் முழுக்க யோசிக்கவும் ஒரு உத்தியோகம் உண்டு என்பதை அவளுடைய அம்மா இன்னும் முழுசாக நம்பவில்லை.

போன வருடம் அந்தக் கம்பெனி மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளைச் சிங்கவரத்தில் பதினான்கு வேர்க்கடலைக் கொல்லைகளில் நட்டது. பார்ப்பதற்கு முழங்கால் உயரக் குச்சி. ஊரில் எல்லோரும் குச்சி என்றே சொன்னார்கள். குச்சி அனுப்புகிற கணக்கை விவசாயிக்குப் புரிகிற மாதிரி செல்போனில் காட்ட வேண்டியது நிதாவின் பொறுப்பு. இருபத்திரண்டு சதவீதம் என்று போட்டால் யாருக்கு என்ன தெரியும்? எண்ணைத் தூக்கிவிட்டு ஒரு வேர்க்கடலைச் செடி வரைந்தாள். ஈரம் இருந்தால் செடி நிமிர்ந்து நிற்கும், காய்ந்தால் தலையைத் தொங்கப்போடும். நல்ல வேலைதான். அதோடு நிறுத்தியிருந்தால் இதைச் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.

நிறுத்தவில்லை. பதினான்கு பேரையும் போட்டோவோடு ஒரு பட்டியலாகப் போட்டாள். ஈரமான கொல்லை மேலே, காய்ந்தது கீழே. பக்கத்துக் கொல்லைக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கவாவது தினமும் திறப்பார்கள் என்பது அவள் எண்ணம். அது பலித்தது, திறந்தார்கள். ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் மார்க்கை மேலிருந்து கீழே வாசிக்கும்போது, கடைசிப் பெயர் வருவதற்குள் காதைப் பொத்திக்கொண்ட பெண் இவள்தான். பட்டியல் வரையும்போது அது அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

முதல் பத்து நாளும் கடைசிப் பெயர் ராஜம்மாள். புருஷனுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. இவளுக்கு அரை ஏக்கர் மேட்டுக் கொல்லை, அதுவும் மணல். நாலு பேருக்குப் பொதுக் கிணறு, நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். தண்ணீர் மேட்டில் ஏறி வருவதற்குள் அவள் முறை நேரம் முடிந்துவிடும். இதெல்லாம் பட்டியலில் தெரியாது. பதினோராம் நாள் அவள் பெயர் ஏறத் தொடங்கியது. ஒரே வாரத்தில் முதலிடம். அப்புறம் மூன்று வாரம் இறங்கவேயில்லை.

பட்டியல் காலை ஆறு மணிக்கு மாறும். ஆறாகப் பத்து நிமிடம் இருக்கும்போது, நிதாவின் லேப்டாப்பில் ராஜம்மாள் கொல்லையின் ஈரக்கோடு தினமும் சட்டென்று எகிறும். விடியலில் எழுந்து பாய்ச்சுகிறாள் என்று நிதா பூரித்துப்போனாள். அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, பட்டியலால் வந்த மாற்றம் என்று மேலாளருக்கு அனுப்பினாள். அவள் தோளுக்கு மேலாக அதைப் பார்த்த ரியாசுதீன், கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

“அந்த லைன்ல இந்த மாசம் ஒம்பது மணிக்கு மேலதான மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு வருது. ஆறு மணிக்கு எந்த மோட்டாரு ஓடுச்சி?”

டீசல் இன்ஜின் வைத்திருப்பார்கள் அத்தா என்று சொல்லிவிட்டு நிதா லேப்டாப்பை மூடினாள். அந்தக் கிணற்றில் இன்ஜின் கிடையாது என்பது அவளுக்கே தெரியும். தெரிந்ததை நம்பாமல் இருப்பது அன்றைக்கு அவளுக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் மேலாளர் வேனில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தச் செயலியை இன்னும் நூறு ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று பார்க்க வந்தவர்கள். முதலிடத்துக் கொல்லையைக் காட்டலாம் என்று நிதாதான் முன்னால் நடந்தாள்.

கொல்லை முழுக்கச் செடிகள் இலையை மடக்கி வாடிக் கிடந்தன. குச்சியைச் சுற்றி மட்டும் ஒரு முறம் அகலத்துக்குப் பச்சைப்பசேலென்று இருந்தது, புல்கூட முளைத்திருந்தது. பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் குடம். வந்தவர்கள் குச்சியைப் பார்த்தார்கள், குடத்தைப் பார்த்தார்கள். ராஜம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“குச்சி மேல தப்பில்லீங்க. நான்தான் டெய்லி ஒரு கொடம் ஊத்துனேன்.”

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். விவசாயிகள் விவரமானவர்கள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் சிரித்தார்கள். நிதாவும் சிரித்தாள். எல்லாப் பழியையும் ஒருத்தி தலையில் ஏற்றிக்கொண்டு நிற்க, பட்டியல் போட்டவள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

வேன் போனபிறகு, ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். கேட்கிற யோக்கியதை தனக்கு உண்டா என்று யோசிக்காமலே கேட்டாள்.

“எம் பேரு கடைசில நின்னுனு இருந்துச்சி பாப்பா. ரேஷன் கடைல போன காட்டி, இன்னாடி ஒன் கொல்லி மட்டும் காயுதுன்றாங்க. மானம் போவுது. சரி, குச்சிக்காச்சும் ஊத்துவோம்னு ஊத்துனேன். இப்ப கெணத்துக்கார கோதண்டராமன் அண்ணன் அதே போன காட்டி, ஊர்லயே ஒன் கொல்லிதான் ஈரமா இருக்குது, ஒனக்கு இன்னாத்துக்கு மொறைன்னு நிறுத்திட்டாரு. மூணு மொற போச்சி. இல்லண்ணா காயுதுன்னு சொன்னா, ஊத்துனத சொல்லணும்.”

செடியிலிருந்து விழுது மண்ணில் இறங்குகிற நேரம் அது. இந்த வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு காய் பிடிக்காது. ராஜம்மாள் அதைக் கடைசியாகத்தான் சொன்னாள், அதையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். நிதா நேரே கிணற்றுக்கு நடந்தாள்.

மோட்டார் கொட்டகையில் கோதண்டராமனோடு நாலைந்து பேர் இருந்தார்கள். கிணற்றில் பெரிய பங்கு அவருடையது.

“அந்த லிஸ்ட்டு தப்புண்ணா. குச்சி ஒரு எடத்துல காட்டுனத நான் மொத்தக் கொல்லிக்கும்னு போட்டுட்டேன். அவங்களுது காஞ்சி கெடக்குது, வந்து பாருங்க.”

“நீதானம்மா கூட்டம் போட்டு, இத பாத்து தண்ணி உடுங்கன்னு சொன்ன?”

“நான்தாண்ணா சொன்னேன்.”

படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று ஒருவர் கேட்டார். வாங்கிக்கொண்டாள். குடத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கோதண்டராமன் கொல்லைக்கு வந்தார். குச்சிப் பக்கம் அவர் போகாதபடி நிதா முன்னாலேயே நின்றுகொண்டாள். கால் விரலால் மண்ணைக் கிளறினார், புழுதி பறந்தது. நாளைக்கு முறை எடுத்துக்கொள் என்று ராஜம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே நிதா பட்டியலை எடுத்துவிட்டாள். தினமும் திறக்கிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள் என்று மேலாளர் போனில் கத்தினார். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேல் கரண்ட் வந்து, கோதண்டராமன் தன் முறையிலிருந்து விட்டுக்கொடுத்த இரண்டு மணி நேரமும் சேர்ந்து, தண்ணீர் மேட்டில் ஏறிக் கடைசிப் பாத்தி வரை நிறைந்தது. ராஜம்மாள் மடையைத் திருப்பிவிட்டு வந்து, தன் பெயர் இப்போது எத்தனையாவதாக இருக்கிறது என்று கேட்டாள். பட்டியலே கிடையாது அக்கா என்று நிதா போனைக் காட்டினாள். திரையில் ஒரே ஒரு செடி நிமிர்ந்து நின்றது. ராஜம்மாள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அதற்கடுத்த நாள் காலையில் நிதா அத்தாவின் கடைப் படியில் உட்கார்ந்து அந்தக் கொல்லையின் கோட்டைத் திறந்தாள். ஈரம் நன்றாக உயர்ந்து ஒரே சீராக நின்றது. ஆறாகப் பத்து நிமிடம் இருந்தபோது மட்டும் அதன் மேல் ஒரு சின்ன மேடு. ஒரு குடம் தண்ணீர் அளவுக்கு.

ரியாசுதீன் உள்ளேயிருந்து டீ ஆறுகிறது என்று கூப்பிட்டார். ஆறு மணிக்கு எந்த மோட்டார் ஓடியது என்று அன்றைக்கே கேட்டவர் அவர். அவளால் எழுந்து போய் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.