சாப்பாட்டு மேசையில் இரண்டு கோதுகள்

துப்பாக்கி உரிமத்துக்கான படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வாங்கப்போகும் ரைபிளின் தோட்டா எந்த அளவு என்று அதில் எழுத வேண்டும். வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்பே. உரிமத்தில் எந்த அளவு அச்சாகிறதோ அந்த அளவில்தான் ரைபிள் வாங்கலாம். 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூன்று வாரங்கள் அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருந்தேன். பெயர், முகவரி, வலிப்பு வந்ததுண்டா, மனநோய்க்கு மருந்து எடுத்ததுண்டா எல்லாம் எழுதியாகிவிட்டது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. மலேசியாவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவள். வடிகால் பொறியாளர் வேலை. கிங்ஸ்பரியில் வீடு. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் பதினோரு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கடைகளில் இருக்கும் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில்.

துப்பாக்கி என் வாழ்க்கைக்குள் வந்தது அலுவலகத் தோழி ஒருத்தியால். என் வயதுதான் அவளுக்கும். சஃபோக்கில் அவளுடைய அண்ணனுக்குப் பண்ணை உண்டு. ஒரு சனிக்கிழமை சும்மா பார்க்க வா என்று அவள் தன் சுடுசங்கத்துக்குக் கூட்டிப்போனாள். சின்ன ரைபிள், காகித இலக்கு. மூச்சை விட்டு, அது நிற்கும் இடத்தில் விசையை அழுத்த வேண்டும். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு என் தலைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அதற்காகவே இரண்டு வருடம் போனேன். பிறகு அவள் அண்ணனின் கோதுமையை மான்கள் மேயத் தொடங்கின. ஆண்டுதோறும் சிலவற்றைச் சுட்டுக் குறைக்க வேண்டியிருந்தது. "நீயும் வா. மானுக்கும் இலக்குக்கும் சேர்த்து ஒரே ரைபிள் வாங்கு. அளவை மட்டும் யோசித்து முடிவு செய்" என்றாள்.

யோசித்தேன். யோசிப்பதுதான் எனக்கு வியாதி. சங்கத்தில் ஆளுக்கொரு கருத்து. பெரும்பாலானவர்கள் சொன்னது த்ரீ-ஓ-எயிட், அதாவது .308 அங்குலக் குண்டு. தொலைவில் இருக்கும் இலக்குக்கும் நல்லது, எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் தோளில் உதைக்கும். இன்னொன்று டூ-ஃபோர்-த்ரீ. அதைவிடச் சன்னமான குண்டு, மெதுவான உதை. மான் சுடச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மயிரிழை மேலே நிற்பது. ஆனால் தூரம் கூடினால் காற்று அதன் குண்டைத் தள்ளிவிடும் என்றார்கள். நடுவில் ஒரு ஸ்வீடன்காரத் தோட்டாவும் இருந்தது. அதைப் பற்றிப் பேசியவர் ஒரே ஒருவர். அவர் தொடங்கினால் நிறுத்தமாட்டார் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

"கையில் வைத்துப் பார். எண்களைப் படித்தால் முடிவுக்கு வரமாட்டாய்" என்று தோழி, சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக்களில் இந்த இரண்டு வகையிலும் ஒவ்வொன்று கொடுத்தாள். வெறும் பித்தளை, யாரும் வைத்திருக்கலாம் என்றும் சொன்னாள். ரயிலில் வரும்போது பையை மடியிலிருந்து நான் இறக்கவே இல்லை. ஒரு தோட்டா கையில் இருந்தாலே தூக்குத்தான் என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். பள்ளியில் யாராவது பட்டாசு கொண்டுவந்தாலே ஆசிரியர் முகம் வெளுத்துவிடும். வீட்டுக்கு வந்து இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் சாப்பாட்டுக்குக் கணவர் வந்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவற்றைப் பார்த்தார். எடுத்து வைக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு வருவதற்குள் பெரியதை எடுத்துவிட்டார். விரலால் ஒருமுறை உருட்டினார். கீழுதட்டில் வைத்து அதன் வாயில் ஊதினார். மெல்லிய விசில் ஒன்று வந்தது.

"இந்தக் கோதில நாங்கள் விசில் அடிக்கிறனாங்கள்" என்றார்.

நான் சின்னதை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஆமிக்காரர் போன பிறகு ரோட்டில கிடக்கும். நானும் தம்பியும் பொறுக்கிறனாங்கள். இருபது, முப்பது சேர்த்து வைச்சிருந்தனான். அம்மா கண்டிட்டு எல்லாத்தையும் கிணத்துக்கை போட்டவா."

"குடுங்க, நான் உள்ள வச்சிடுறேன்."

"ஏன்? கிடக்கட்டும். சோத்தைப் போடும்." சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "எதை எடுக்கப் போறீர்?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

"பெரிசுதான் எண்டா அதை எடும். எனக்கு ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதை எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்று பதினான்கு வருடத்தில் நான் ஓரளவு கற்றிருந்தேன். அன்று கண்டுபிடிக்க முடியவில்லை. இலங்கை இராணுவம் ஒரு காலத்தில் வைத்திருந்த ரைபிளின் தோட்டாவும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே உருவம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு கவலை இரண்டாகப் பெருகியது. பெரியதை எழுதினால் அவருடைய ரோட்டில் கிடந்ததை நான் பூட்டி வைத்து வளர்ப்பதுபோல் ஆகும். சின்னதை எழுதினால், அது அவருக்காகவா, அல்லது உதைக்குப் பயந்த நான் அவரைச் சாக்காக வைத்துக்கொள்கிறேனா? இப்படியே யோசித்து அலுவலகத்தில் ஒரு குழாயின் சரிவைத் தலைகீழாக வரைந்துவிட்டேன்.

மார்ச்சில் தோழி என்னைச் சர்ரே மாவட்டத்தில் இருந்த பெரிய சுடுதளத்துக்குக் கூட்டிப்போனாள். தன்னுடைய த்ரீ-ஓ-எயிட்டைத் தந்தாள். ஒவ்வொரு முறையும் தோட்டாவை அவளே போட்டுத் தந்தாள். நான் படுத்தபடி சுட்டேன். முதல் மூன்று வெடியில் தோள் எரிந்தது. இலக்கில் துளைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில் இருந்தன. நான்காவதில் விசையை அழுத்தியதும் வெறும் 'டிக்' என்ற சத்தம்தான் வந்தது. எனக்குச் சொல்லாமல் மருந்தில்லாத போலித் தோட்டாவைப் போட்டிருந்தாள். வெடிக்காமலே ரைபிளின் முனை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. கண்களை இறுக மூடியிருந்தேன்.

"பார்த்தாயா?" என்றாள் அவள்.

பார்த்தேன். வெடிக்கும் முன்பே நான் பயந்து சுருங்கிக்கொண்டிருந்தேன். காகிதம் என்றால் போகட்டும். அது மானாக இருந்தால் அதன் வயிறு கிழிந்திருக்கும், தாடை உடைந்திருக்கும், எங்கோ புதருக்குள் இரண்டு நாள் கிடந்து செத்திருக்கும். அந்த எண்ணம் வந்ததும் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். விட்டுவிடலாம் என்று நினைத்தேன். தோழி வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, சங்கத்து ஆள் ஒருவரிடம் டூ-ஃபோர்-த்ரீ இரவல் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். "பத்துத் தோட்டா. பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்."

அதிலும் அவள் போலித் தோட்டாக்களைக் கலந்தாள். முதலாவதில் முனை ஆடியது. இரண்டாவதில் குறைந்தது. கடைசிப் போலித் தோட்டா வந்தபோது முனை அசையவில்லை, என் கண் திறந்திருந்தது. இலக்கில் விழுந்த துளைகளைத் தோழி தன் கையால் மூடிக் காட்டினாள். உள்ளங்கைக்குள் எல்லாம் அடங்கின. அன்று மாலையே கட்டத்தில் .243 என்று எழுதினேன். நிம்மதி வரவில்லை, ஆனால் எழுத முடிந்தது.

உரிமத்துக்காக வீட்டைப் பார்வையிட அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது மே மாதத்தில். அந்த மாதம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணையவே இல்லை. கணவரின் சித்தப்பா குடும்பம் இறுதிப் போர் நடந்த வன்னியில் இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. அவர் வேலைக்குப் போவதும் வருவதும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போரை நிறுத்தக் கோரிய கூட்டத்தோடு நிற்பதுமாக இருந்தார். வீட்டில் பேச்சே கிடையாது. அந்த நேரத்தில் ஒரு காவல்துறை அதிகாரி எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"போன் பண்ணி வேற நாளைக்கு மாத்திடுறேங்க. இல்ல, வேண்டாம்னே சொல்லிடுறேன்."

"ஒண்டும் மாத்தவேண்டாம். வரட்டும். நான் நிக்கிறன்" என்றார்.

அதிகாரி வயதானவர், மூட்டுவலிக்காரர். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். துப்பாக்கி வைக்கச் சுவரில் பதித்த இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்தார். ஏன் இந்த அளவு என்று கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. பெரியதில் நான் பயந்து சுருங்கினேன், இதில் சுருங்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். எந்த முகபாவமும் இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "வீட்டில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஏதாவது சிரமம் உண்டா?"

கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஆங்கிலத்தில் கேட்டார். "அலமாரியின் சாவி எங்கே இருக்கும்? அது எனக்குத் தெரியக் கூடாது. தெரிய எனக்கு விருப்பம் இல்லை."

"சார், தெரியவே கூடாது. உரிமம் உள்ளவரைத் தவிர வேறு யாரும் சாவி இருக்கும் இடத்தை அறியக் கூடாது என்பதுதான் விதி."

"சட்டமே அப்படியா?"

"சட்டமே அப்படித்தான்."

கணவரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துத் தமிழில், "அப்ப சரி. எனக்குப் பிரச்சினையில்லை" என்றார். அதிகாரிக்கு இன்னொரு தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார்.

ஜூலையில் சித்தப்பா குடும்பம் ஒரு முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. சித்தப்பா மட்டும் அவர்களோடு இல்லை. உரிமம் ஆகஸ்டில் தபாலில் வந்தது. கடிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன். சந்தோஷப்படுவது சரியா என்று தெரியாமல் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர்தான் கேட்டார், "எப்ப வாங்கப் போறீர்?" என்று.

ரைபிள் வாங்கி, செப்டம்பர், அக்டோபர் முழுவதும் காகிதத்தைச் சுட்டேன். நவம்பரில் சஃபோக்குக்குப் போனேன். இரண்டு காலைகள் மான் வந்தும் சுடவில்லை. ஒன்று சற்றுத் திரும்பி நின்றது. இன்னொன்றுக்குப் பின்னால் இன்னொரு மான் நின்றது. என் பயத்துக்கு அவை நல்ல சாக்குகள். மூன்றாம் காலை ஒரு பெண் மான் வேலியோரம் தனியாகப் பக்கவாட்டில் நின்றது. மூச்சை விட்டேன். அழுத்தினேன். அது விழவில்லை. துள்ளி ஓடி மரங்களுக்குள் மறைந்தது.

என் கை நடுங்கத் தொடங்கியது. "காத்திரு" என்றாள் தோழி. கால் மணி நேரம் அசையக் கூடாது என்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால் மணி நேரம் வேறு இல்லை. தாடையா, வயிறா, கால் எலும்பா என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய தோட்டாவாக இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருக்குமோ என்றும் தோன்றியது. பிறகு போய்ப் பார்த்தோம். முதல் மரத்திலிருந்து நாற்பது அடிக்குள் கிடந்தது. தோழி குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அசைவில்லை. உடலைத் திறந்ததும் குண்டு போன வழியைக் காட்டினாள். இரண்டு நுரையீரலும் போயிருந்தன. "ஓடும்போதே அதற்கு எதுவும் தெரிந்திருக்காது" என்றாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று கேட்கவில்லை. பனி படிந்த புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

பண்ணை வாசலில் நின்று கணவருக்குப் போன் செய்தேன்.

"சுட்டிட்டீரோ?"

"ஆமா."

"ஓடினதோ?"

"கொஞ்ச தூரம்."

"கை நடுக்கம் நிண்ட பிறகு காரை எடும். அவசரப்பட்டு வரவேண்டாம்" என்றார்.