முதலாளி ஓட்டிய கல்யாண வண்டி

எண்பதுகளின் நடுவில் நான் சிராங்கூன் ரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்த ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். நாகூர்ப் பக்கத்திலிருந்து வாப்பா காலத்திலேயே வந்து சிங்கப்பூரில் நிலைத்த குடும்பம் அவருடையது. ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. சாதாரணக் காரில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது என்று வருஷக்கணக்காகப் புலம்பிவிட்டுக் கடைசியில் ஒரு பெரிய சொகுசு ஜீப்பைப் புதிதாக வாங்கினார். தோல் இருக்கை, ஏர்கான், எட்டு சிலிண்டர் இன்ஜின். காடுமலை ஏறுவதற்கென்று செய்த வண்டி. அது காத்தோங்கிலிருந்த வீட்டுக்கும் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

நான் அந்த வண்டியைக் கவனித்துக்கொண்டதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். காலையில் எண்ணெய் அளவு பார்க்காமல் சாவியைத் தொடமாட்டேன். எண்ணெய் மாற்ற வேண்டிய நாளுக்கு முன்பே மாற்றிவிடுவேன். வண்டி வந்த முதல் வாரம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் பச்சையாக இருந்தது. கப்பலில் வந்த வண்டிதானே, பாசி பிடித்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் நிரப்பினேன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பழைய தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் ஊற்றுவது என் வழக்கம். போகப்போக வடிகிற தண்ணீர் கலங்கலாக வந்தது. அழுக்கெல்லாம் வெளியேறுகிறது என்று எனக்கு ஒரே திருப்தி.

இரண்டரை வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவை. விஷயத்தைச் சொன்னதும் முதலாளி, "கல்யாணத்துக்கு நம்ம ஜீப்தான். நான்தான் ஓட்டுவேன்," என்றார்.

"வேணாம் முதலாளி, நீங்க போயி எனக்கு…"

"ரெண்டரை வருஷமா இதுல நீ என்னை ஏத்திக்கிட்டுப் போறே. ஒரு நாள் நான் ஏத்திக்கிட்டுப் போனா என்ன?"

சரி என்றேன். அவர் வண்டி ஓட்டி வெகுநாள் ஆகிறது என்பதுதான் என் கவலை.

கல்யாணத்தன்று பூசை முடிந்து, புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஏற்பாடு செய்திருந்த விருந்துக்குக் கிளம்பினோம். முன்னால் மல்லிகைச் சரம் கட்டிய ஜீப். முதலாளி வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. பின்னால் நானும் அவளும். பின்னிருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் புது மனைவி இருக்க, என் கண் முன்னால் இருந்த சூடுகாட்டும் ஊசியிலேயே இருந்தது. புக்கிட் தீமா ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் அது மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது.

"முதலாளி, ஊசி ஏறுது."

"மாப்பிள்ளை பேசாம உக்காரு. பொண்ணுகிட்டப் பேசு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னேன். "கல்யாண நாள்லகூட உனக்கு ஊசிதானா?" என்று சிரித்தார். அவர் சிரித்து முடிக்கவும் டம்மென்று ஒரு சத்தம். பானட்டின் இரண்டு பக்கமும் புகையாக நீராவி கிளம்பியது. வண்டி இரண்டு தடவை குலுங்கி ஓரமாக நின்றது.

கோட்டைக் கழற்றப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "இறங்கிப் பாக்கலாம். தொடக் கூடாது. இன்னைக்கு முழுக்க போட்டோ எடுப்பாங்க."

பத்து நிமிஷம் நின்றோம். டாக்சி ஒன்றும் காலியாக வரவில்லை. பஸ் ஒன்று வந்தது. முதலாளி நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் தூக்கி அதை மறித்துவிட்டார். சேலையும் முக்காட்டு வலையும் பூச்செண்டுமாக அவள் முதலில் ஏறினாள். முதலாளி சில்லறைக்குப் பையைத் துழாவ, சீன டிரைவர் காசுப் பெட்டியைக் கையால் மூடி, "நோ நீட் லா," என்றார். ஒரு சீனக் கிழவி எழுந்து மணப்பெண்ணுக்கு இடம் கொடுத்தார். நாங்கள் இறங்கும்போது பஸ்ஸே கை தட்டியது. விருந்துக்கு வந்தவர்கள் ஜீப்பை எதிர்பார்த்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு நாள் கழித்து முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு கூடை பழம். உட்காரக்கூட இல்லை. "ஊசியப் பாருங்கன்னு நீ ரெண்டு தடவ சொன்னே. நான் கேக்கல. அவ்வளவு ஆசையா நீ வளத்த வண்டிய ஒரே நாள்ல கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதப்பா."

"பரவாயில்ல முதலாளி," என்றேன், பெருந்தன்மையாக. மனதுக்குள் அவர் செய்தது தப்புதான் என்றே நினைத்தேன்.

மறுவாரம் லவெண்டர் ஸ்திரீட் பக்கம் ஜீப்பை இழுத்துவந்து விட்டிருந்த பட்டறைக்குப் போனேன். சீன மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருந்தார். எங்கள் பேச்சு மலாயில்தான். இரண்டரை வருஷ வண்டியா இது என்று கேட்டுவிட்டு ஒரு பாகத்தைத் தூக்கிக் காட்டினார். அலுமினியம், கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. ரேடியேட்டர் குழாயெல்லாம் வெள்ளைப் பொடி அடைத்துக் கிடந்தது.

"என்ன தண்ணி ஊத்துனே?"

"பைப் தண்ணி. ஒவ்வொரு வாரமும் புதுசா."

அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "பச்சைத் தண்ணி எங்கே?"

"பாசின்னு கீழே ஊத்திட்டேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்துப் பட்டறைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தப் பச்சை, துருவும் அரிப்பும் வராமல் காக்கிற மருந்து. அலுமினிய இன்ஜினுக்கு அது இல்லாமல் முடியாது. வாரம் தவறாமல் புதுத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அரிப்பும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. முதலாளி ஓட்டாமல் நானே ஓட்டியிருந்தாலும், அன்றைக்கில்லாவிட்டால் அடுத்த மாதம் நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுஷன் கூடையத் தூக்கிக்கிட்டு ஒம்பது மாடி ஏறி வந்து மன்னிப்புக் கேட்டாரு. லிப்ட்கூட அன்னைக்கு வேல செய்யல. நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க."

மறுநாள் கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ நான் கெடுக்கல?"

"இல்ல முதலாளி. நான்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று நாற்காலியில் சாய்ந்தார். "பத்து நாளா எனக்குத் தூக்கமில்ல. வீட்டுல அவங்க வேற, வயசான காலத்துல வண்டி ஓட்டப் போனீங்களான்னு திட்டுறாங்க. நீ இப்பவே வீட்டுக்குப் போன் போட்டு இத அவங்ககிட்டச் சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கத்தில் முதலாளியின் மனைவி கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி தம்பி, நீயும் அவரும் சேந்துதான் கெடுத்தீங்கன்னு நான் வெச்சுக்கிறேன்," என்றார்.

ஜீப்புக்கு வேறு இன்ஜின் வந்தது. மெக்கானிக் பச்சை மருந்தை ஊற்றி, ரேடியேட்டர் மூடிமேல் சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டார். நான் தொடக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அடுத்து ஏழு வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன், ஒரு தொந்தரவும் இல்லை.