வெளியில் போட்ட பூட்டு

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவே எனக்குக் கூச்சம். துணிந்து எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை செய்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவேன். நாங்கள் இருப்பது லைன் வீடு. கதவு சும்மா சாத்தியிருந்தால் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் பார்த்த ஆளை உள்ளே தூங்கவிட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பூட்டைப் பார்த்தால் யாரும் தட்ட மாட்டார்கள். என் மனைவியும் அப்படித்தான் செய்துவந்தாள். பூட்டிவிட்டு, மகளைப் பள்ளியில் விட்டு, அவளுடைய கம்பெனி வேனில் ஏறுவாள்.

மகள் யுகேஜி. எங்களுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவள். நெருப்புப் பிடித்தால் உடனே வெளியே ஓடிவிட வேண்டும் என்று பள்ளியில் மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்று முதல் அவளுக்கு என் கவலை.

"நைனா, நெருப்பு வந்தா நீ எப்டி வெளிய வருவ?"

"ஜன்னல் வழியா பறந்து வந்துடுவேன்" என்றேன்.

மனைவி சிரித்தாள். "பாரு, ஒன் நைனா அந்தத் தொப்பைய வெச்சிக்கினு பறக்கறத."

கொஞ்ச நேரம் கழித்து மகள் இரண்டு காதும் சிவந்துபோய் வந்து நின்றாள். "ஜன்னல் கம்பில என் தலையே போவல நைனா."

"எங்கிட்ட ஒரு சாவி கீதும்மா. தலகாணி கீழ."

யோசித்தாள். "பூட்டு வெளிய இல்ல கீது?"

"சும்மா பேஜாரு பண்ணாத, போய்ப் படு" என்று மனைவி அதட்டினாள். நானும் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

போன வாரம் ஒரு காலையில் பூட்டைக் காணவில்லை. தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கடைசியில் மகளின் புத்தகப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் பூட்டு இருந்தது. மனைவி அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நானு வேலைக்குப் போவ வேணாமா? இன்னா புள்ளடி நீ?"

மகள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பூட்டை எடுத்து மனைவி கையில் கொடுத்தது நான்தான்.

வெளியே பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு இடுக்கில் மகளின் குரல்.

"நைனா, தூங்கிடாத."

"தூங்க மாட்டேன், நீ போ" என்றேன். சொல்லிவிட்டுப் பாயில் விழுந்தேன். சாயங்காலம் மனைவி மகளோடு வந்து கதவைத் திறந்தபோதுதான் விழித்தேன்.

மகள் நேராக வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "தூங்கலதான நைனா?"

"இல்லம்மா."

"நானும் தூங்கல" என்றாள்.

மதியம் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள். எல்லாரும் தூங்கினார்களாம், இவள் மட்டும் கண்ணை மூடாமல் கிடந்தாளாம். மிஸ் சொன்னதாக மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் வேறு பக்கம் பார்த்தாள். நான் தூங்கிப்போனதை மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் மனைவி பூட்டுப் போடாமல் வேலைக்குப் போனாள். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து கதவைத் தட்டினார். எழுந்து போய் வாங்கி வைத்தேன்.