கரண்டி பிடிப்பவரையும் அழைத்து வரவும்

இதய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த உணவு ஆலோசகருக்கு நோயாளிகள் வைத்த பெயர் 'வேண்டாம் அம்மா'. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே முதல் 'வேண்டாம்' வந்து விழுந்துவிடும். பொரித்தது வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பாக்கெட்டில் காற்றடைத்து விற்கும் எதுவுமே வேண்டாம். பிறகு மனமிரங்கி, அவித்த காய்கறியை வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்பார். அவித்த காயை வேண்டி விரும்பித் தின்றவர் உலகத்தில் எவராவது உண்டா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் தொழிலில் கெட்டிக்காரி. அவரைக் கண்டாலே ஆகாத, கீழே கேன்டீன் நடத்துபவரே அதை ஒப்புக்கொள்வார். நோயாளியிடம் மட்டும் பேசி அனுப்புவது வீண் வேலை என்று கண்டுகொண்டு, சமைப்பவர் கூட வந்தால்தான் ஆலோசனை என்று சட்டம் போட்டவர் அந்த அம்மாள்தான். கரண்டி யார் கையிலோ அவர் கையில்தான் உயிர் என்பது அவர் கட்சி. கணவன்மார் மனைவிகளை அழைத்து வந்தார்கள், மாமியார்கள் மருமகள்களை இழுத்து வந்தார்கள். மனைவியை இழந்த ஒருவர், தான் மூன்று வேளையும் சாப்பிடும் ஹோட்டலின் முதலாளியையே கூட்டி வந்துவிட்டார். முதலாளிக்கும் ரத்தக் கொதிப்பு இருந்ததால் இரண்டு பேருக்கும் சேர்த்தே வேண்டாம் சொல்லி அனுப்பினார்.

அவருக்கு உதவியாக ஓர் இளம்பெண் இருந்தாள். படிப்பை முடித்துவிட்டு வந்தவள். ஆனால் நோயாளிகளின் பாஷை எந்தப் படிப்பில் இருக்கிறது? அதை அந்த அம்மாள்தான் சொல்லிக் கொடுத்தார். 'எப்பவாவது' என்றால் தினமும் என்று எழுது. 'ஒரு வாய்' என்றால் ஒரு தட்டு. 'விருந்தாளி வந்தா மட்டும்' என்றால் விருந்தாளி வராவிட்டாலும். பெண் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பானை இந்த அம்மாளின் வீட்டிலேயே இருந்தது. அவர் கணவர் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. பழுது பார்த்த அடுப்பை அப்படியே கொடுத்தனுப்ப அவருக்கு மனசு வராது. தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தால் தீயின் கள்ளத்தனம் தெரியாது, எண்ணெய்ச் சட்டிதான் உண்மை பேசும் என்பார். உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக நறுக்கிப் போடுவார். ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வெளுத்தால் பர்னரைத் திரும்பக் கழற்றுவார். எல்லாம் ஒரே நிறத்தில் பொன்னாகப் பொரிந்து வந்தால் அடுப்பு தேறிவிட்டது. தேறிய அடுப்பின் பலனை யாராவது சாப்பிட வேண்டுமே? அவருக்கு எண்ணெய் ஆகாது, நெஞ்சைக் கரிக்கும். எனவே வேண்டாம் அம்மா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தட்டு தயாராக இருக்கும்.

மனிதர் வாயைத் திறந்து அன்பாக ஒரு வார்த்தை பேசியவரில்லை. தட்டை வைத்துவிட்டு, முதல் துண்டை மனைவி கடிக்கும் சத்தம் கேட்கும்வரை நிற்பார். அப்புறம் திருப்தியாகக் கடைக்குப் போய்விடுவார். பகல் முழுக்க மற்றவர் வாயைக் கட்டிவிட்டு வந்த அம்மாளுக்கு அந்தத் தட்டு சொர்க்கம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரிதான், வீடு வீடுதான் என்று ஒரு நியாயம் வைத்திருந்தார். அடுப்புகளும் பழுதாகிக்கொண்டே இருந்தன.

ஊழியர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டது. ரத்தத்தில் கொழுப்பு கண்டபடி ஏறியிருந்தது. மேலும் சோதித்ததில் இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று சுருங்கியிருப்பது தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த இதய டாக்டர், சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மாத்திரை மட்டும் காப்பாற்றாது என்றார். உணவு ஆலோசனை அறைக்கு வழி சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன் என்றும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

தன் அறைக்கு வந்து, தன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உதவிப் பெண் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"பொரிச்சது சாப்பிடுவீங்களா மேடம்?"

"எப்பவாவது."

பெண் குனிந்து எழுதினாள். எதிர்ப்பக்கமிருந்து பார்த்தாலும் 'தினமும்' என்ற எழுத்து நன்றாகவே தெரிந்தது. கடைசியில் பெண், சமைப்பவரை அழைத்து வரும்படி மட்டும் சொன்னாள்.

அதைத்தான் அம்மாளால் செய்ய முடியவில்லை. விஷயம் தெரிந்தால் மனிதர் ஒடிந்துபோய்விடுவார், தன் கையாலேயே விஷம் வைத்ததாக நினைத்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பல்வலி என்று தட்டைத் தள்ளி வைத்தார். வயிறு சரியில்லை என்று பாதியில் எழுந்தார். கணவர் அதைக் கைப்பக்குவத்தின் குறையாக எடுத்துக்கொண்டு இன்னும் மெல்லிசாக நறுக்கி, இன்னும் மொறுமொறுவென்று பொரித்தார். அதையும் மீறி வேண்டாம் என்று சொல்ல, அந்தச் சொல்லாலேயே பேர் வாங்கிய அம்மாளுக்கு நாக்கு எழவில்லை. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்து வீட்டு மாடிப்படி ஏறும்போது பாதியில் மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணவர் ஓடி வந்து பிடித்தார். அப்போதும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வாருங்கள் என்றுதான் அம்மாளால் சொல்ல முடிந்தது.

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மனைவி வேலை செய்யும் இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாதே என்று, உதவிப் பெண்ணுக்காக ஒரு டப்பா நிறைய வறுத்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பெண் டப்பாவைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குழாய் சுருங்கியதை, எண்ணெய் என்ன செய்யும் என்பதை, இனி வீட்டில் என்னென்ன கூடாது என்பதை. அத்தனையும் அம்மாள் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள். முடிந்ததும் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதெல்லாம் இவளுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொன்னே. எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

பதில்கள் இல்லாமலில்லை. வேலை மும்முரத்தில் மறந்துபோச்சு, உங்கள் மனசு நோகுமே என்று பார்த்தேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். எல்லாமே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொல்லி, அவர் ஒன்றையும் நம்பாத பதில்கள். அம்மாளுக்கு அழுகை வந்தது. முதல்முறையாக அந்த அறையில் ஒரு நோயாளி உண்மை பேசினார்.

"சொன்னா நிறுத்திடுவீங்களே."

சொல்லியிருந்தால் கணவர் அன்றைக்கே நிறுத்தியிருப்பார். அது அந்த அறையிலிருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.