பெட்ரோல் வாசம் வராத வண்டி

என் கணவர் சேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற இரண்டு கார்புரேட்டர்களை வாங்கி வந்து கூடத்தில் துணி விரித்து வைத்தபோது எனக்கு எட்டாம் மாதம். யுத்த காலம். எங்கள் காரோ யுத்தத்துக்கு வெகு காலம் முந்தியது. அதற்குச் சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோயிருந்தது. காரோடு வந்த கார்புரேட்டர் விரிசல் விட்டு, இனி ஒட்டுப்போட இடமில்லை என்று ஆகிவிட்டது.

துணிமேல் இருந்தவை இரண்டும் பித்தளை. ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரி மூடி, எஞ்சினில் மாட்டுகிற துளைகள்கூட ஒரே இடத்தில். அவருக்கே கவிழ்த்து உள்வாயை விரலால் தடவினால்தான் எது எதுவென்று தெரியும். இரட்டைப் பிள்ளை பெற்றவர் மாதிரி இரண்டையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டிருந்தார். பெறப்போகிறவள் நான் என்பது அப்போது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாட்டி ஓட்டிப் பார்த்ததில் குணம் தெரிந்தது. வாய் அகன்றது எந்த மேட்டையும் ஏறியது. ஆனால் உள்ளே பெட்ரோலை அடைக்கிற ஊசி தேய்ந்துபோய்ச் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் கீழே, புகை போகிற குழாய் அடுப்பாகக் காயும். வாய் குறுகியது ஒரு சொட்டும் விடாது, சமதரையில் சாதுவாகப் போகும், மேடு வந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். ஒன்றின் ஊசி மற்றதில் பொருந்தவில்லை.

எங்கள் தோட்டம் புதுச்சத்திரத்துப் பக்கம். சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மல்லூருக்கு முன்னால் ஒரு ஏற்றம் உண்டு. முதல் பிரசவத்தில் கார் அங்கேதான் நின்றது. மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை உள்ளேயே அடங்கிவிட்டது. இந்த முறையும் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முன்னாடியே போய்த் தங்கிக்கொள்கிறேன் என்றேன். சேலத்தில் அம்மை போட்டிருக்கிறது என்று மாமியார் விடவில்லை.

"எதெ மாட்டப் போறீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"சின்ன வாயிதான் அம்மிணி. பெரிசு என்னிக்கிருந்தாலும் பத்திக்கும்."

"பெரிசையே மாட்டுங்க."

"பத்திக்கும்ங்கறேன்."

"பத்துனா நானும் புள்ளையும் சேந்து போயர்றமுங்க. நின்னா நான் மட்டும் திரும்பி ஊட்டுக்கு வரோணும். இன்னொருக்கா என்னால ஆகாதுங்க."

அவர் வெகுநேரம் துடைத்ததையே துடைத்தார். பிறகு "சேரி" என்றார்.

பெரியதை மாட்டினார். அன்றிலிருந்து கார் நிற்கும் கொட்டகைப் பக்கம் பீடி குடித்துக்கொண்டு யாரும் போகக்கூடாது, விளக்குக் கொண்டுபோகக்கூடாது என்று பண்ணையாட்களைப் போட்டு வறுத்தெடுத்தார். பிள்ளைத்தாய்ச்சி மூக்கு எனக்கு. வாசலில் நின்றாலே அந்தப் பெட்ரோல் நாற்றம் குடலைப் பிரட்டும். பயமில்லை என்று நான் சொன்னதெல்லாம் வாய்ச்சவடால். அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்து போகவேண்டும் என்று நினைத்தாலே வாசலை விட்டு உள்ளே போய்விடுவேன்.

வலி கண்டது ஒரு மத்தியானம். காரில் ஏறி உட்கார்ந்ததும் மாமியார் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சின் மூடிக்கு முன்னால், தொட்டுவிடுகிற தூரத்தில், தீ மூன்று சுற்றுச் சுற்றியது. எனக்கு வலியே மறந்துவிட்டது. பீடிக்கு அத்தனை பாட்டுப் பாடின மனிதர், கை கூப்பி நின்று சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவிடம் வாயைத் திறக்கத் தைரியமில்லை என்றுதான் நினைத்தேன்.

ராசிபுரத்துக்குப் பிரிகிற பாதையைத் தாண்டும்போது வலி கொஞ்சம் விட்டது. மூச்சை நன்றாக இழுத்தேன். புழுதி வாசம் வந்தது, சோளத்தட்டு வாசம் வந்தது. பெட்ரோல் வாசம் வரவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். சூடத்துக்கு அவர் ஏன் பயப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஏனுங்க, எதெ மாட்டியிருக்கறீங்க?"

அவர் திரும்பவில்லை. காரை இன்னும் விரட்டினார். பின்கழுத்தில் வியர்வை வழிந்தது. இனி அவரை வைது என்ன ஆகப்போகிறது? அந்த ஏற்றம் வந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போ, போ என்று காருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாதி மேட்டில் இருமிற்று, திணறிற்று, நின்றுவிட்டது.

அவர் இறங்கி, தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். உள்ளே பெரியது இருந்தது. இரண்டு போல்ட், ஒரு குழாய், ஒரு கம்பி, அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு போல்ட்டின் நட்டு புழுதியில் விழுந்து அவர் மண்டிபோட்டுத் தேடியபோது அடுத்த வலி வந்துவிட்டது. பிள்ளை அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை.

கடைசியில் பெட்ரோல் நாற்றம் வந்தது. குடலைப் பிரட்டிய அதே நாற்றம். அதை இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். மேடு ஏறும்போதும், ஏறி இறங்கி ஊருக்குள் நுழையும்போதும், காலடியில் எப்போது தீ கிளம்பும் என்று கால்களைத் தூக்கி இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டே போனேன்.

பெண் பிறந்தாள். சற்றுத் தாமதமாக அழுதாள், ஆனால் அழுதாள்.

மறுநாள் அவர் வந்து கட்டிலோரம் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேட்டுல நின்னா புள்ளை போயிரும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் நீ பொறப்படறதுக்குள்ள சின்னதெ மாட்டுனேன். மனசு கேக்காம பெரிசையும் எடுத்துட்டு வந்தேன். புள்ளை போனா நீ அழுவே, நான் பக்கத்துல இருப்பேன். நீ எரிஞ்சு போனா நான் என்ன பண்றது?"

சொல்லிவிட்டுப் பிள்ளைக்காகக் கையை நீட்டினார். இப்படி ஒரு பிரியம் என்மேல் அவருக்கு உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னைக் காப்பாற்றுவதற்காக அவளை விடத் துணிந்த கை அது என்று மட்டும்தான் தோன்றியது. சுற்றியிருந்த துணியின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் அவளை அவரிடம் கொடுத்தேன்.